நண்டுப்பிடி

அவள் பிடித்தால் விடமாட்டாள் என்பதை எங்கள் கல்லூரியில் முதலில் தெரிந்துகொண்டது என் இடது கணுக்கால்தான்.

கபடி அணிக்குப் புதிதாக ஆள் எடுத்த நாள் அது. நான் இரண்டாம் வருடம். ரைடு போவதில் காரைக்காலிலேயே எனக்கு நிகர் இல்லை என்ற நினைப்பு தலைக்கேறியிருந்த காலம். இடது மூலையில் ஒல்லியாக, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடையோடு முதல் வருடப் பெண் ஒருத்தி நின்றாள். ஊதினால் பறந்துவிடுவாள் என்று நினைத்து அவள் பக்கமே காலை நீட்டினேன். அடுத்த நொடி என் முகம் மண்ணில் இருந்தது. கணுக்காலைச் சுற்றிப் பத்து விரல்கள். உதைத்தேன், புரண்டேன், மூச்சு தீர்ந்து, கபடி கபடி என்ற பாட்டையும் விட்டேன். பி.டி. மேடம் விசில் ஊதிய பிறகும் அந்த விரல்கள் பிரியவில்லை. மேடமே குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

“விசில் கேக்கலையா உனக்கு?” என்று மேடம் கத்தினார்.

“கேட்டுச்சு மேடம். கைதான் ஒடனே வர மாட்டேங்குது.”

அன்றைக்கே அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்தது நான்தான். உண்மையான பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பட்டினச்சேரிப் பெண். அப்பா கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்காரர், அம்மா காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவர். காலையில் அம்மாவின் மீன் கூடையை ஏற்றி இறக்கிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். அப்படியும் அவள் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப்போனவர்கள் உண்டு. அதை அவள் கண்டுகொண்டதாகவே தெரியாது. அதிகம் பேசவும் மாட்டாள். எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். பஸ்ஸில் கம்பி, வகுப்பில் பெஞ்சின் விளிம்பு, மைதானத்தில் பக்கத்தில் நிற்பவளின் கை. தடுப்பாட்டத்தில் மூலைக்காரியும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். அடுத்து நிற்பவள் நான். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பிசைந்தால் எனக்கு விரல் வலிக்கும்.

ஒருநாள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் பஸ்ஸில் கூட்டத்துக்குள் ஒருவன் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கைவரிசை காட்டினான். நண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று அவனும் வாயைத் திறக்கவில்லை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, போலீஸ்காரர் நின்ற இடம் வரை அப்படியே கூட்டிப்போய் ஒப்படைத்தாள். அவன் கை நீலம் பாரித்திருந்தது. அந்தப் பயல் மட்டும் அன்றைக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் தப்பித்திருப்பான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தெரியவந்ததும் என் கணுக்கால் வழியாகத்தான். அடுத்த வருடம் நான் கேப்டன். ஒரு பயிற்சியில் அவள் என் காலைப் பிடித்தபோது பழைய சுளுக்கு பிடுங்கியது. வலி தாங்காமல் பாட்டை விட்டுவிட்டு “விடு!” என்று அடித்தொண்டையில் கத்தினேன். அந்தக் கணமே பத்து விரலும் திறந்துகொண்டன. நான் அதிசயப்பட்டுத் திரும்பினால், அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து சொன்னாள்.

“எங்க ஊர்ல பொம்பளப்புள்ளைங்க வலை இழுக்க மாட்டோம்க்கா. ஆள் கொறைஞ்ச அன்னிக்கு மட்டும் அப்பா கூப்புடுவாரு. கயித்தப் புடிச்சவங்களுக்கு ஒரே சட்டம்தான். ‘விடு’ன்னு யாரு கத்துனாலும், ஏன் எதுக்குன்னு கேக்காம விட்ரணும். ஏன்னா எவன் கையோ காலோ கயித்துல மாட்டிருக்குன்னு அர்த்தம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. தம்பி கை மாட்டிக்கிச்சு. அப்பா கத்துனாரு. எல்லாரும் விட்டாங்க. நான் மட்டும் பயந்துபோயி இன்னும் இறுக்கிப் புடிச்சிட்டேன்.”

அவள் தம்பியை நான் பார்த்திருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் இருக்காது.

“உன்னாலன்னு யாருடி சொன்னா? ஒம்பது வயசுப் பொண்ணு இழுத்தா அந்தக் கயிறு நகருமா?”

“எல்லாரும் அதத்தான்க்கா சொல்றாங்க. என் கைக்குல்ல தெரியும்.” கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள். “அதுலேருந்து யாராச்சும் கத்திச் சொன்னா கை தானா தெறந்துக்குது. இத யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா.”

சொல்லமாட்டேன் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

என் சித்தி மகள் புதுச்சேரியில் ஒரு பெரிய கல்லூரியில் படித்தாள். வாரத்துக்கு நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அரட்டை அடிப்போம். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாலு பேர் சிரிக்கும்படி ஒரு விஷயம் கிடைத்தால் அது என் வாயில் தங்காது. ஒருநாள் சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் இதைச் சொன்னேன். விரல் போன தம்பியைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு யோக்கியம்தான். “எங்க நண்டு இருக்காள்ல, அவகிட்டேருந்து தப்பிக்க ஒரே வழிதான்டி, விடுன்னு கத்துனா போதும், பொம்ம மாதிரி கையத் தூக்கிரும்” என்று சொல்லி, விழுந்து விழுந்து சிரித்து, அனுப்பிவிட்டேன். சித்தி மகளின் ஹாஸ்டல் அறையிலேயே அந்தக் கல்லூரியின் கபடிப் பெண் ஒருத்தி தங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

அந்த வருடம்தான் நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குக் காரைக்கால் பெண்கள் வருடா வருடம் புதுச்சேரி போவதும், முதல் சுற்றிலேயே தோற்று, போன பஸ் திரும்புவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பதும்தான் வழக்கம். “காரைக்காலா? சனீஸ்வரன் கோயில் ஊர்தானே?” என்று அங்கே கேட்பார்கள். திருநள்ளாற்றைத் தாண்டி எங்களுக்கு வேறு அடையாளம் கிடையாது. அந்த வருடம் லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வென்றோம். எதிரணி ரைடர்கள் இடது மூலைப் பக்கமே வரப் பயந்தார்கள். வலது பக்கமே எத்தனை நேரம் ஓட முடியும்? எப்படியும் ஒரு கால் அவள் பக்கம் வந்துவிடும். அதோடு சரி. அரையிறுதியில் ஒருத்தி நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் விரலை நீட்டி நீட்டித் துடித்தாள். நண்டு மண்ணில் முகம் புதைத்து அவள் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கள் மேடம் அழுதுவிட்டார்.

எங்களுக்கெல்லாம் அது ஒரு கப். அவளுக்கு அப்படி இல்லை. இறுதி ஆட்டத்துக்குக் கிளம்பும் நாள் அவள் அம்மா மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“சாம்பியன் சர்ட்டிபிகேட்டு இருந்தா வெளயாட்டுக் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு எடுப்பாங்களாம்ல? இவ அப்பாட்ட சொல்லிட்டேம்மா. கப்போட வந்தா போலீசு. இல்லன்னா ஆவணியில எங்க அண்ணன் மவனுக்கு முடிச்சிருவோம், அவனும் எவ்வளவு நாள்தான் காத்துக்கிட்டு இருப்பான்? ரெண்டுல ஒண்ணு. நீதான் பாத்துக்கணும்.”

இறுதி ஆட்டம் யாரோடு என்று மேடம் பஸ்ஸில்தான் சொன்னார். சித்தி மகளின் கல்லூரி.

நான் நண்டிடம் சொல்லியிருக்கலாம். சிதம்பரம், கடலூர் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது, நேரம் நிறைய இருந்தது. அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டு வந்தாள். எழுப்பிச் சொன்னால் கேவலம் என்று நினைத்தேன். அவர்கள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள், கேட்டிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் அவர்களுடைய எட்டாம் நம்பர் ரைடு வந்தாள். உயரமான பெண், நீளமான கால். நேராக இடது மூலைக்கே வந்தாள். இது வரை யாரும் செய்யாதது. என் கையில் இருந்த நண்டின் கை பிரிந்தது, பாய்ந்தாள், கணுக்கால் அகப்பட்டது. அப்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அவர்களுடைய மாற்று ஆட்டக்காரிகள் எல்லோரும் ஒரே குரலில் “விடு!” என்று கத்தினார்கள்.

கை திறந்துகொண்டது. எட்டாம் நம்பர் எழுந்து, சிரித்துக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டிப் போனாள்.

கை வழுக்கிவிட்டது என்று எங்கள் பெண்கள் நினைத்தார்கள். இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது. மூன்றாவது முறை மேடம் தலையில் அடித்துக்கொண்டார். “என்னடி ஆச்சு ஒனக்கு? இந்நேரம் பாத்தா!” அவள் மறுபடி மூலைக்குப் போய் நின்று எனக்குக் கையை நீட்டினாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது. என் கை வேர்த்தது.

பாதி ஆட்டம் முடிந்தபோது நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளங்கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவங்களுக்கு எப்புடிக்கா தெரியும்?”

“தெரியாதுடி. பெஞ்சுல இருக்கறவளுங்க சும்மா கத்துவாளுங்க” என்றேன். வாய் கூசாமல் வந்தது.

“மூணு தடவையுமா?”

நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்து உருட்டினேன். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது. செய்த தப்பை மறைக்கும்போது மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

“காதுல வெச்சுக்க. சடையை முன்னால இழுத்து விட்டுக்க, யாருக்கும் தெரியாது.”

“விசில் கேக்காதே?”

“நான் பக்கத்துலதானே நிக்கிறேன்? விசில் அடிச்ச ஒடனே உன் முதுகுல ரெண்டு தட்டு தட்டுறேன். நீ விட்ரு.”

அவள் பஞ்சை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். “நெசமாவே யாருக்காச்சும் அடிபட்டு விடுன்னு கத்துனா?”

“அப்பவும் தட்டுறேன்.”

“சத்தியமாக்கா?”

“சத்தியமாடி.”

அதற்குப் பிறகுதான் தலையைச் சாய்த்துக் காட்டினாள். நானே இரண்டு காதிலும் வைத்து அழுத்தினேன்.

இரண்டாம் பாதியில் அவர்கள் தொண்டை கிழியக் கத்தியும் பலிக்கவில்லை. பிடித்தவர்களை எல்லாம் பிடித்தபடி இருந்தாள். ஒவ்வொரு முறையும் விசில் வந்ததும் நான் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன், ஒவ்வொரு முறையும் விட்டாள். புள்ளி சமமானது. பிறகு ஒரு புள்ளி முந்தினோம். கடைசி ரைடு அவர்களுடையது, வந்தது எட்டாம் நம்பர்.

அவள் உள்ளே வந்து சுற்றினாள். கபடி கபடி என்ற பாட்டு கூட்டத்தின் இரைச்சலில் முக்கால்வாசி அமுங்கிப் போனது. என் தோளையும் இன்னொருத்தி கையையும் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் கோட்டைத் தொட்டால் எங்கள் ஒரு புள்ளியும் போய், கப்பும் போய்விடும். என் பக்கத்திலிருந்த நண்டு பாய்ந்து காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தோம். கீழே அந்தக் கால் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகத் திரும்பியது. என் காதுக்குப் பக்கத்தில் காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம்.

எட்டாம் நம்பர் பாட்டை நிறுத்தினாள். “விடு!” என்றாள். அது பெஞ்சிலிருந்து வந்தது போன்ற கத்தல் இல்லை.

பாட்டை நிறுத்திவிட்டாலே ரைடர் அவுட். அவள் தோற்றாயிற்று, நாங்கள் ஜெயித்தாயிற்று. ஆனால் நடுவருக்கு அந்த இரைச்சலில் கேட்கவில்லை. விசில் வரவில்லை. விசில் வருவதற்குள் இவள் விட்டுவிட்டால், எட்டாம் நம்பர் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிடலாம். என் வலது கை சும்மாதான் இருந்தது. நண்டின் முதுகு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

“விடு! அய்யோ, விடு!”

மூன்று முறை கத்தினாள். நான் எண்ணினேன். விசில் வந்தது. அதற்குப் பிறகுதான் தட்டினேன், இரண்டு தட்டு.

எங்கள் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தபோது எட்டாம் நம்பரை நாலு பேர் தூக்கிப்போனார்கள். அவள் பாதம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. நண்டு காதிலிருந்து பஞ்சை இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, அவ கத்துனாளா?”

“இல்லடி.”

“ஒண்ணுமே சொல்லலியா?”

“விசில் வந்ததும் தட்டினேன்ல?”

“ஆமாக்கா. தட்டினீங்க.”

கப்போடு நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோ கல்லூரி வராந்தாவில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறோம். அவள் மட்டும் எங்கோ பார்க்கிறாள். அவசரத்தில் இழுத்ததில் ஒரு காதில் கொஞ்சம் பஞ்சு தங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். என் கண்ணுக்கு உற்றுப் பார்க்காமலே தெரியும்.

அடுத்த வாரம் நண்டு எட்டாம் நம்பரைப் பார்க்க, யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம் நெத்திலிக் கருவாடு கேட்டு வாங்கிக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சித்தி மகள்தான் போனில் சொன்னாள், அழுதுகொண்டே. எட்டாம் நம்பர் கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். மூன்று முறை கத்தியதைச் சொன்னாளாம். அதோடு விடாமல் என் வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டினாளாம். இவள் கேட்டுவிட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாளாம். இரண்டாவது முறையும் கேட்டுவிட்டு, கருவாட்டுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாளாம்.

மறுநாள் பயிற்சிக்குப் போனேன். என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல மூலைக்குப் போய் நின்றாள். வழக்கம்போல எனக்குக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். எனக்குப் படிப்பு முடியும் வரை அப்படியே போயிற்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. எனக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காரைக்கால் சின்ன ஊர். எந்தத் தெருமுனையில் அவளுக்கு டிராஃபிக் டியூட்டி என்று எனக்கு எப்போதும் தெரியும். அந்த வழியை விட்டு இரண்டு தெரு சுற்றித்தான் அலுவலகம் போவேன். பல வருடம் அப்படியே சுற்றினேன். போன மாதம் சுற்றுவழியில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நேர்வழியில் ஸ்கூட்டரை விட்டேன்.

புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பி வைத்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையைக் காட்டி நிறுத்தி, என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

“ஹெல்மெட் எங்கக்கா?”

“வீட்லடி.”

“வீட்டுக்கா அடிபடப் போவுது?”

பத்து வருடம் நடுவில் இல்லாதது போலக் கேட்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஹாரனுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று சத்தமாகவே சொன்னேன். “விடுடி, ஆபீசுக்கு நேரமாச்சு!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. ஹேண்டில்பாரில் இருந்த கை திறந்துகொண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நான் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டேன்.

“அவ கத்துனாடி” என்றேன். “மூணு தடவ.”

“தெரியும்க்கா.”

“நான் அனுப்புன அந்த வாய்ஸ் மெசேஜ்...”

“அதுவுந்தான் கேட்டேன். நல்லா சிரிச்சிருந்தீங்க.”

“அப்புறம் ஏண்டி என்னை ஒரு வார்த்தை கேக்கல? இத்தன வருஷமா?”

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே, பொறு என்று கையைக் காட்டினாள்.

“கேட்டா, நீங்க மறுபடியும் இல்லன்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா.”

எனக்குக் கண் மறைத்தது. அவள் எதிர்ச்சாலையை நிறுத்திவிட்டு வந்து, என் வண்டிச் சாவியை அவளே திருகிவிட்டாள்.

“போங்க. பஸ்ஸு நிக்குது. நாளைக்கும் இப்புடியே வாங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு.”